சம்பூர்க் காணியை ஈடு வைத்து லண்டன் போய்ப் படிக்கலாமா?

கொட்டியாரக்குடா:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர். 2006 ஏப்ரலில் ஷெல்லடி தொடங்கி ஊரை விட்டு வெளிக்கிட்டபோது நான் முதலாம் வகுப்பு. ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து கடைசியில் கிளிவெட்டி முகாமில் வந்து நின்றோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு அங்கே தகரக் கொட்டிலுக்குள் குப்பி விளக்கு வைத்துத்தான் படித்தேன். 2016 இல் காணி கைக்கு வந்தபோது கிணறு தூர்ந்து, வீடு இருந்த இடம் முழுக்கப் பற்றை. பத்து வருடம் அப்பா கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்குமாக நடந்து திரும்ப வாங்கிய காணி அது.

நான் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் முடித்து, 14 மாதமாக டவுனில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் செய்ய வேண்டும் என்பது கம்பஸ் காலத்து ஆசை. கொழும்பில் ஒரு ஏஜென்ட், முதல் தவணைக் காசைக் கட்டினால் லண்டனில் இடம் உறுதி, படித்து முடிய இரண்டு வருடம் அங்கேயே வேலை செய்யலாம், கடனை ஆறு மாதத்தில் அடைத்துவிடலாம் என்கிறார். அன்று இரவே அப்பா ஒன்றும் பேசாமல் காணி உறுதியை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். அதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

இப்படிச் செய்யலாமா? போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கென்று ஏதாவது புலமைப்பரிசில் இருக்கிறதா? விண்ணப்பத்தில் முகாம் கதையை எழுதலாமா, எழுதினால் பரிதாபம் தேடுகிற மாதிரி இருக்குமா?

மாவிலாறு:
தங்கச்சி, நான் மூதூர். 2023 இல் அம்மாவின் நகையையும் மாமாவிடம் வாங்கிய கடனையும் வைத்து இங்கிலாந்து வந்தேன். ஏஜென்ட் சொல்லாத சிலதைச் சொல்கிறேன். ஸ்டூடன்ட் விசாவில் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். வெயர்ஹவுசில் இரவு வேலை செய்துவிட்டு காலையில் லெக்சருக்குப் போய் இருந்தேன், அந்தச் சம்பளம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரி, கல்விக் கட்டணத்துக்கு ஒரு சதமும் மிஞ்சவில்லை. படித்து முடித்த பிறகான அந்த இரண்டு வருடமும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் மாஸ்டர்ஸ்காரருக்கு 18 மாதம்தான். நீங்கள் வந்து முடிக்கும்போது அதற்குள்தான் வருவீர்கள். அதன் பிறகு வேலை விசாவுக்கு நிறுவனம் ஸ்பொன்சர் பண்ண வேண்டுமென்றால், அதற்கான குறைந்தபட்சச் சம்பள எல்லையையும் 2025 இல் கூட்டிவிட்டார்கள்.

படிப்பு தரமானது, நான் கற்றதில் குறை சொல்ல மாட்டேன். இன்று வேலையும் இருக்கிறது. ஆனால் கடன் இன்னும் முடியவில்லை, அம்மாவின் காப்பு இன்னும் அடகில்தான். காப்பை மீட்கலாம். அந்தக் காணி போனால் உங்கள் அப்பா இன்னொரு பத்து வருடம் நடக்க முடியுமா? ஈடு வைக்காதீர்கள்.

உப்பாறு அக்கா:
நான் சில வருடமாகப் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். முதலில் உங்கள் இரண்டாவது கேள்வி. இணையத்தில் அகதி மாணவர்களுக்கான புலமைப்பரிசில் என்று தேடினால் நிறைய வரும். ஜெர்மன் அரசும் ஐநா அகதிகள் நிறுவனமும் 1992 முதல் கொடுக்கிற டாஃபி அப்படி ஒன்று. ஆனால் அதெல்லாம் நாட்டு எல்லையைத் தாண்டி வேறு நாட்டில் தஞ்சம் அடைந்தவர்களுக்கு. நாங்கள் சம்பூரிலிருந்து கிளிவெட்டிக்கு ஓடியவர்கள், சொந்த நாட்டுக்குள் இடம்பெயர்ந்தவர்கள். பத்து வருடம் முகாமில் இருந்தாலும் அந்தக் கணக்கில் சேர மாட்டோம். எனக்கு இது இன்றைக்கும் ஆறாத விஷயம். அதற்காக அதிலேயே மாதக்கணக்கில் தேடி நேரத்தை விடாதீர்கள், பொதுவான புலமைப்பரிசில்களில் போட்டி போடுங்கள்.

உங்கள் பாடத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசில். கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1400 யூரோ தருவார்கள், இரண்டு மூன்று நாட்டில் படிப்பு, வேலை அனுபவம் கட்டாயமில்லாத பாடநெறிகள் நிறைய. அநேகமானவை ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விண்ணப்பம் எடுப்பவை. பிரித்தானியாதான் வேண்டுமென்றால் பொதுநலவாயப் புலமைப்பரிசில் இருக்கிறது, சொந்தச் செலவில் படிக்க வசதி இல்லாதவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும், அதை அவர்கள் இரண்டு வருடமாகக் கணக்கிடுகிறார்கள், உங்களுக்கு இன்னும் சில மாதம் போக வேண்டும். படித்து முடிந்ததும் நாட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. ஜெர்மனியில் அநேகமான அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, ஆனால் விசாவுக்கு 11,904 யூரோவை முடக்கிய கணக்கில் காட்ட வேண்டும். அது உங்கள் காசுதான், மாதம் 992 ஆகத் திரும்ப வரும், ஆனாலும் ஒரே நேரத்தில் அவ்வளவையும் திரட்ட வேண்டுமே.

அப்புறம் ஒன்று, இதை மட்டும் இந்தக் கிழமையே பாருங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேறு, பட்டச் சான்றிதழ், கடவுச்சீட்டு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஓடும்போது சான்றிதழைத் தொலைத்துவிட்டு, பிறகு முகாமுக்கு வந்த நடமாடும் சேவையில் அவசரமாகப் பிரதி எடுத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒன்றில் அப்பாவின் பெயர் முன்னால், இன்னொன்றில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக் கூட. போன வருடம் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்து, விசா நேரத்தில் இந்த ஒரு எழுத்தால் ஒரு வருடம் போய்விட்டது. அவள் என் வீட்டு முற்றத்தில் இருந்து அழுததை நான் மறக்கவில்லை.

வாகைமர நிழல்:
முகாம் கதையை எழுதுவதைப் பற்றி. நான் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து 2012 இல் குடும்பத்தோடு திருகோணமலைக்குத் திரும்பியவன். முதல் தடவை விண்ணப்பித்தபோது முழுக்க நாங்கள் பட்ட கஷ்டத்தைத்தான் எழுதினேன், கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை அதை நாலு வரிக்குள் சொல்லிவிட்டு, அதனால் நான் என்ன செய்தேன், எதைப் படிக்கப் போகிறேன் என்று எழுதினேன். கிடைத்தது. இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்குக் கொடுக்கும் புலமைப்பரிசில் அது, நீங்கள் அதையும் பார்க்கலாம், வீட்டுக்கும் கிட்ட. நீங்கள் முகாமில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்களே? அதை எழுதுங்கள். அது நடந்த விஷயம், அதில் பரிதாபம் எங்கே இருக்கிறது?

கொட்டியாரக்குடா:
எல்லோருக்கும் நன்றி. மாவிலாறு அண்ணா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உறுதியைப் பழையபடி ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். ஏஜென்டுக்கு இன்று காலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகாமில் நான் நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது உண்மைதான், அதை யாரும் கேட்பார்கள் என்று நினைக்கவே இல்லை.

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் பரப்பிப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து வேறு. இதற்கு முதலில் எங்கே போக வேண்டும்?

உப்பாறு அக்கா:
நீங்கள் பிறந்த பதிவு எந்தப் பிரதேச செயலகத்துக்குக் கீழ் வருகிறதோ அங்கே பதிவாளர் கிளைக்குப் போங்கள், உங்களுக்கு அநேகமாக மூதூர். அப்பாவின் பிறப்புச் சான்றிதழையும் அம்மா அப்பாவின் விவாகச் சான்றிதழையும் மூலப்பிரதியாகவே கொண்டு போங்கள், போட்டோப்பிரதி மட்டும் கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.