உதவி: டிரான்ஸ்மிட்டர் ஆன் ஆனதும் ரிப்பீட்டர் செவிடாகிவிடுகிறது

கேள்வி:
வணக்கம். மலை மேல் எங்கள் ஹாம் ரேடியோ கிளப்பின் 2 மீட்டர் அலைவரிசை ரிப்பீட்டர் (வரும் சிக்னலை வாங்கி, அதே நேரத்தில் பலமாகத் திருப்பி அனுப்பும் நிலையம்) இருக்கிறது. 25 வாட், 600 கிலோஹெர்ட்ஸ் ஷிஃப்ட் (வாங்கும், அனுப்பும் அலைவரிசைகளின் இடைவெளி), ஆறு கேவிட்டி டூப்ளெக்ஸர் (இரண்டையும் பிரித்து வைக்கும் ஆறு வடிகட்டிக் குழாய்கள்), ஒரே ஆண்டெனா. அடிவாரத்தில் வண்டியிலிருந்து பேசினால் பிரச்சினையே இல்லை. தூரத்து ஊரிலிருந்து ஹேண்டியில் (கையடக்க ரேடியோ) பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்தினால் ரிப்பீட்டர் திறக்கிறது, உடனே மூடுகிறது, மறுபடி திறக்கிறது. பேச்சு துண்டு துண்டாகத்தான் வருகிறது. ரிப்பீட்டரின் பவரை 5 வாட்டுக்கு இறக்கினால் அதே ஹேண்டி தெளிவாக வருகிறது. நானோ விஎன்ஏவில் (வடிகட்டியைச் சோதிக்கும் சிறு கருவி) பார்த்தால் நாட்ச் (தடுக்க வேண்டிய அலைவரிசையில் விழும் பள்ளம்) சரியான இடத்தில் நிற்கிறது. புது டூப்ளெக்ஸர் வாங்கப் பணமில்லை. மழைக்காலத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். புயலில் செல்போன் டவர் போனால் எங்களுக்கு இதுதான் துணை.

பதில் 1:
இது டீசென்ஸ்தான் (சொந்த டிரான்ஸ்மிட்டரே ரிசீவரைச் செவிடாக்குவது) நண்பரே. 25 வாட் என்பது 44 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெலில் சொல்லும் அளவு). ஹேண்டியின் சிக்னல் மைனஸ் 120 டிபிஎம் அளவில் வந்து சேரும். இந்த இரண்டும் ஒரே ஒயரில் ஓடுகின்றன. டூப்ளெக்ஸரில் 80 டிபிக்கு (டெசிபெல்) மேல் ஐசொலேஷன் (ஒன்றை மற்றொன்றிலிருந்து தடுக்கும் அளவு) வேண்டும். நானோவால் சுமார் 70 வரைதான் பார்க்க முடியும். நாட்ச் இடம் சரி என்பதை வைத்து ஆழமும் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கேவிட்டியின் திருகைத் தொடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள்.

டூப்ளெக்ஸரின் ஆண்டெனா போர்ட்டில் கப்ளர் (பக்கவாட்டில் சிறு சிக்னலை உள்ளே விடும் இணைப்பு), அதற்கப்புறம் டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதில் பவரை வெப்பமாக்கி விழுங்குவது). கப்ளரின் பக்கவாட்டு போர்ட்டில் சிக்னல் ஜெனரேட்டர் (நேராக இணைத்தால் ஜெனரேட்டர் எரிந்துவிடும்). டிரான்ஸ்மிட்டர் ஆஃபில், இரைச்சலோடு கேட்கும் அளவுக்கு சிக்னலை இறக்குங்கள். ஆன் செய்ததும் அதே தெளிவுக்கு எத்தனை டிபி கூட்ட வேண்டியிருக்கிறதோ அதுதான் டீசென்ஸ். பிறகு டம்மி லோடைக் கழற்றி, ஆண்டெனாவோடு இதையே செய்து பாருங்கள்.

பதில் 2:
கேவிட்டிகளுக்கு நடுவில் என்ன கேபிள்? ஆர்ஜி-58 என்றால் முதலில் அதைத் தூக்குங்கள். ஒற்றைப் பின்னல் கசியும். ஆர்ஜி-214 அல்லது ஆர்ஜி-400 போடுங்கள், மின்சார நீளம் (கேபிளுக்குள் அலைக்கணக்கிலான நீளம்) மாறக் கூடாது.

கேட்டவர்:
கேவிட்டிகளுக்கு நடுவில் உள்ள ஜம்பர் எல்லாம் ஆர்ஜி-214 அண்ணா. டம்மி லோடில் டீசென்ஸ் 1 டிபிகூட இல்லை. ஆண்டெனாவோடு 14 டிபி! கேபிளை அசைத்தால் கரகரப்பு கூடுகிறது. ஃபீடர் (ஆண்டெனாவுக்குப் போகும் கேபிள்) எல்எம்ஆர்-400.

பதில் 1:
அப்படியென்றால் டூப்ளெக்ஸரைத் தொடவே வேண்டாம், அது நன்றாக இருக்கிறது. எல்எம்ஆர்-400 சாதாரண ஸ்டேஷனுக்கு அருமையான கேபிள். ஆனால் உள்ளே அலுமினியத் தகடு, மேலே தகரம் பூசிய செம்புப் பின்னல். இரண்டு உலோகமும் உரசும் இடத்தில், முழு டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் அனுப்பி வாங்கும்போது) இரைச்சல் பிறக்கும். காற்றில் கேபிள் ஆடினால் இன்னும் மோசம். அரை அங்குல ஹார்ட்லைன் (பின்னலுக்குப் பதில் முழு உலோகக் குழாய் உள்ள கேபிள்) போடுங்கள். கழற்றிப் போடும் பழைய துண்டு கிடைத்தாலும் போதும், கனெக்டர் மட்டும் புதிதாக இருக்கட்டும். மாஸ்ட்டில் (ஆண்டெனா கம்பம்) துருப்பிடித்த கிளாம்ப் இருந்தால் அதையும் மாற்றுங்கள், துருவும் இதே வேலையைச் செய்யும்.

மாற்றிய பின் இந்தச் சோதனையைக் காற்று அடிக்கும் நாளில் செய்யுங்கள். எத்தனை டிபி வந்தது என்று இங்கே போடுங்கள். 73 (வாழ்த்துகள்).