மண்ணைத் தொடவே தயங்கும் மகள்: யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஆறு வயது. பூங்காவுக்குக் கூட்டிப் போனால் என் கையை விடுவதே இல்லை. விரலில் துளி மண் ஒட்டினாலும் உடனே துடைத்துவிடச் சொல்வாள். எறும்பைக் கண்டால் அழுகைதான்.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி, அதை வீட்டுக்குள்ளேகூடச் சமாளிக்கலாம். மரமும் புழுவும் மழையும் அவளுக்கு அந்நியமாகவே போய்விடுமோ என்பதுதான் என் பெரிய கவலை. கட்டாயப்படுத்தவும் மனமில்லை.

நேற்று ஒரு நத்தையைத் தள்ளி நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். அது கொம்பை உள்ளே இழுத்ததும், “ஏன் ஒளியுது?” என்று கேட்டாள். இந்த ஆர்வத்தைப் பிடித்துக்கொண்டு எப்படித் தொடங்கலாம்? இப்படித் தயங்கிய பிள்ளையைப் பழக்கியவர்கள் முதலில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்களேன்.