இழை: 'ஆட்-ஆன் இன்ஹேலர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

நா.சு. (மொழிபெயர்ப்பு)

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு நோயாளிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆஸ்துமா எளிதில் கட்டுக்குள் வராதவர்களுக்கு, ஏற்கெனவே எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரோடு இன்னொன்றைச் சேர்த்துக் கொடுப்பது பற்றியது. சேர்க்கப்படும் மருந்து டையோட்ரோப்பியம். மூலத்தில் வரிக்கு வரி 'ஆட்-ஆன் இன்ஹேலர்' வருகிறது. இப்போதைக்குக் 'கூடுதல் இன்ஹேலர்' என்று போட்டிருக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. கூடுதல் என்றால் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்று படுகிறதே. மருந்துப் பெட்டியில் ஒட்ட ஒரு சீட்டும் உண்டு. விரலகலம்தான், ஒரு வரிக்கு மேல் கொள்ளாது. நீளமான சொல்லாகக் கொடுத்துவிடாதீர்கள்.

கு.வே.

அம்மா, 'கூடுதல்' இருக்கட்டும். முதலில் 'இன்ஹேலரை' வெளியே அனுப்புங்கள். உள்ளிழுப்பி என்ற நல்ல சொல் இருக்க, கடன் எதற்கு? 'உள்ளிழுப்பான்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது ஆண்பால் ஈறு. கருவிக்கு இகர ஈறே இயல்பு. மண்வெட்டி, உறிஞ்சி, வடிகட்டி எல்லாம் அப்படித்தானே வந்தன? துணை + உள்ளிழுப்பி = துணையுள்ளிழுப்பி. உடம்படுமெய் தானாக வந்து நிற்கிறது. முடிந்தது.

செ.

ஐயா, மண்வெட்டி மண்ணை வெட்டுகிறது, வடிகட்டி வடிகட்டுகிறது. இந்தக் கருவி எதையும் உள்ளே இழுப்பதில்லையே? அது வெளியே தள்ளுகிறது. இழுப்பவர் நோயாளி. அந்தக் கணக்கில் உள்ளிழுப்பி என்பது நோயாளியின் பெயர் :)

கு.வே.

மண்ணை வெட்டுவதும் ஆள்தான் தம்பி, மண்வெட்டி அன்று. கருவியை வினைமுதல் போலச் சொல்வது மரபு. 'இந்த வாள் நன்றாக வெட்டும்' என்பதில்லையா?

பா. (செவிலியர்)

இலக்கணம் நீங்கள் சொல்வதுபோலவே இருக்கட்டும் ஐயா, எனக்குச் சிக்கல் 'இழுப்பு' என்ற சொல்லில். என்னிடம் வருகிறவர்கள் நோயையே அப்படித்தான் சொல்கிறார்கள். "ராத்திரி பூரா இழுப்பு, உட்கார்ந்தே இருந்தேன்" என்பார்கள். வலிப்பை இழுப்பு என்பவர்களும் உண்டு. அவர்கள் கையில் 'துணையுள்ளிழுப்பி' என்ற சீட்டைக் கொடுத்தால் இழுப்புக்குத் துணைபோகிற சாமான் என்று நினைக்கமாட்டார்களா? கருவியை அவர்கள் பம்பு என்பார்கள், சிலர் ஸ்ப்ரே என்பார்கள். இன்ஹேலர் என்றால் எல்லாருக்கும் புரிகிறது.

எனக்குத் தெரிந்து இங்கே நடக்கும் பெரிய தப்பு வேறு. இரண்டாவது இன்ஹேலரைக் கையில் கொடுத்ததும் முதலாவதை நிறுத்திவிடுகிறார்கள். "அதான் புதுசு வந்துடுச்சே, பழசு எதுக்கு?" நிறுத்தக் கூடாதது அந்தப் பழசுதான். மூச்சுக்குழாயின் அழற்சியை அடக்குவது அதிலுள்ள ஸ்டீராய்டு. புதியதால் அந்த வேலை ஆகாது. இன்னொரு தப்பும் உண்டு. திணறல் வந்த நேரத்தில் புதியதைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பார்கள். அது அவசர மருந்து இல்லை. நாளைக்கு ஒரு வேளை, இரண்டு தடவை இழுப்பதோடு சரி. அவசரத்துக்கு டாக்டர் சொல்லியிருக்கும் நிவாரண இன்ஹேலர் தனி. சொல்லைத் தேடுகிறவர்கள் இந்த இரண்டு தப்பையும் மனதில் வைத்துத் தேடுங்கள்.

செ.

'உடன்' எப்படி? உடன்பிறப்பு, உடன்பாடு, உடன்போக்கு மாதிரி 'உடன் இன்ஹேலர்'. சின்னச் சொல், சீட்டிலும் கொள்ளும். இன்னொன்றோடு சேர்ந்தது என்ற பொருளும் நேராக வந்துவிடுகிறது. உலாவிகளில் ஆட்-ஆனுக்கு நீட்சி, துணைநிரல் இரண்டும் புழங்குகின்றன. நீட்சி இங்கே ஒட்டாது.

கு.வே.

அழகாகத்தான் இருக்கிறது. இன்ஹேலரை எடுத்துவிட்டால் இன்னும் அழகு.

பா.

வேண்டவே வேண்டாம். 'உடன்' என்றால் உடனே என்று படிப்பார்கள். 'உடன் வரவும்' என்று தந்தி வந்த காலத்தை மறந்துவிட்டீர்களா? மூச்சு முட்டும்போது பெட்டியில் 'உடன்' என்று இருப்பதைத்தான் கை தேடும். எது அவசர மருந்து இல்லையோ அதற்கு அவசரப் பெயரை வைத்த மாதிரி ஆகிவிடும்.

செ.

அட, ஆமாம். விட்டுவிடுகிறேன்.

ம.தே.

தாமதமாக நுழைகிறேன். துணை என்பதையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும். துணைக்கு அளவு என்றும் பொருள் உண்டு. 'தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர்' என்பதில் வருவது அந்தத் துணைதான். அது போக, சித்த மருத்துவத்தில் மருந்தைத் தேனிலோ வெந்நீரிலோ குழைத்துக் கொடுக்கும்போது அந்தத் தேனும் வெந்நீரும் அனுபானம். அனுபானத்தைத் துணைமருந்து என்று எழுதுவோர் உண்டு. அங்கே துணைமருந்து மூலமருந்தை ஏந்திச் செல்லும் ஊர்தி. இங்கே நாம் பேசுவதோ தன் வழியில் தனியாக வேலை செய்யும் இன்னொரு மருந்தை. இரண்டும் ஒன்றல்லவே?

எனக்குத் தொல்காப்பியம்தான் நினைவுக்கு வருகிறது. 'இடையெனப் படுப பெயரொடும் வினையொடும் நடைபெற் றியலும் தமக்கியல் பிலவே.' இடைச்சொல் தனியே நடக்காது, பெயரோடோ வினையோடோ சேர்ந்துதான் நடக்கும். இந்த இன்ஹேலரும் அப்படித்தான், இன்னொன்றோடு சேர்ந்துதான். 'இடைமருந்து' என்று வைக்கலாமா?

பா.

இடையில் எடுக்கிற மருந்தா? காலைக்கும் இரவுக்கும் இடையிலா? மன்னிக்கணும் ஐயா, கேட்டுவிடுவார்கள்.

மரு. இ.

ம.தே. ஐயாவின் ஒப்புமை எனக்குப் பிடித்திருக்கிறது, சொல் பிடிக்கவில்லை. மருத்துவம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் பாருங்கள். டையோட்ரோப்பியத்தை ஆஸ்துமாவுக்குச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2012இல் ஒன்றாக வெளிவந்தன. மொத்தம் 912 பேர். எல்லாருமே ஸ்டீராய்டும் நீண்டநேரம் வேலை செய்யும் மூச்சுக்குழல் விரிப்பியும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்கள். யாரும் அவற்றை நிறுத்தவில்லை. அதற்கு மேல்தான் இது சேர்க்கப்பட்டது. 48 வாரங்களில் கடும் தாக்குதல் வரும் அபாயம் 21 சதவீதம் குறைந்தது. நோய் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. மூச்சுக்குழலை இறுக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் அசெட்டில்கோலின் என்ற சமிக்ஞையை இது தடுக்கிறது. மற்ற விரிப்பிகள் வேறு பாதையில் தளர்த்துகின்றன. ஆகவே ஊர்தி இல்லை, இடைச்சொல்லைப் போல வெறும் ஒட்டும் இல்லை. தனி வேலை உள்ளது, ஆனால் தனியே விடக் கூடாதது.

தலைப்பைப் பற்றியும் ஒன்று. வரைவில் 'கட்டுக்கடங்காத ஆஸ்துமா' என்று பார்த்தேன். அடங்காப்பிடாரி மாதிரி இருக்கிறது, நோயாளி மேல் பழி விழுகிறது. தவிர 'கடினமான' ஆஸ்துமா வேறு, 'கடுமையான' ஆஸ்துமா வேறு. மருந்தின் அளவை ஏற்றியும் அடங்காவிட்டால் முதல் வகை. அதில் பலருக்கு, இழுக்கும் முறை சரியில்லை, தினமும் எடுப்பதில்லை, புகைபிடிக்கிறார்கள், மூக்கு அழற்சி இருக்கிறது என்று ஏதாவது ஒரு காரணம் அகப்படும். அதையெல்லாம் சரிசெய்த பிறகும் அடங்காததுதான் இரண்டாவது. இன்னொரு இன்ஹேலர் எழுதும் முன், இருக்கிற இன்ஹேலரை எப்படி இழுக்கிறார் என்று கண்ணால் பார்க்க வேண்டும். கையேட்டின் முதல் பத்தியே அதுவாக இருக்கட்டும்.

பா.

டாக்டர் சொன்னது சத்தியம். பொடி இன்ஹேலரை விசையோடு வேகமாக இழுக்க வேண்டும். டையோட்ரோப்பியம் வருகிற ரெஸ்பிமேட் என்ற கருவியை மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். அடியைச் சொடுக்குச் சத்தம் வரும்வரை அரைச்சுற்று திருப்பு, மூடியைத் திற, இழுக்கத் தொடங்கிக்கொண்டே பொத்தானை அழுத்து, பிறகு பத்து விநாடி மூச்சைப் பிடி. பொடிக்குப் பழகியவர் இதையும் 'விசுக்'கென்று இழுத்தால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். இரண்டுக்கும் சேர்த்து 'இழுப்பி' என்றால் ஒரே மாதிரி இழுக்கத்தான் தோன்றும்.

கு.வே.

நோயின் பெயரையே யாரும் கேட்கவில்லை. 'ஆஸ்துமா' கிரேக்கம், அங்கே அதற்கு மூச்சிரைப்பு என்றே பொருள். நம்மிடம் இரைப்பு இருக்கிறது, ஈளை இருக்கிறது, ஈழத்தார் தொய்வு என்கிறார்கள். நாய் இரைக்கிறது, கடல் இரைகிறது; என்ன வளமான வேர்! இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் சொன்ன மருந்து அட்ரோப்பின் இனம் அல்லவா? அட்ரோப்பின் ஊமத்தையில் உண்டு. இரைப்புக்கு ஊமத்தை இலைப் புகை பிடித்தது பழைய வைத்தியம். தேவாரத்தில் சிவன் சடையில் சூடும் மத்தம் இதே ஊமத்தைதான். ஆகவே 'மத்த மருந்து' –

மரு. இ.

ஐயா, உறவு உண்மைதான். ஆனால் ஊமத்தை நஞ்சு, அளவு தப்பினால் ஆளை மயக்கும், கொல்லவும் செய்யும். கையேட்டில் அதன் வாசனைகூட வர வேண்டாம்.

நா.சு.

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். இப்படி முடிக்கிறேன். தலைப்பு: 'எளிதில் கட்டுக்குள் வராத ஆஸ்துமாவும் துணை இன்ஹேலரும்'. 'இணை' வேண்டாம், முதல் இன்ஹேலருக்குச் சமமாக மாற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது. 'கூட்டு' வேண்டாம், ஒரே கருவியில் இரண்டு மருந்து கலந்து வருவதற்கு அதுதான் பெயர். துணைக்கு நான்கு பேர், கூடுதலுக்கு ஒருவர், இடைமருந்துக்கு ம.தே. ஐயா மட்டும். முதல் முறை வரும் இடத்தில் 'வழக்கமான இன்ஹேலரை நிறுத்தாமல், அதோடு சேர்த்துத் தினமும் எடுக்கும் இன்னொரு இன்ஹேலர்' என்று விளக்கம் கொடுத்திருக்கிறேன். சீட்டில் பெயரே போடவில்லை. 'தினமும் 1 வேளை. பழையதை நிறுத்தாதீர்கள்' என்று மட்டும் போகிறது.

ம.தே.

சரி. துணைக்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது. சித்த மருத்துவரிடம் இந்தக் கையேடு போனால் எதில் குழைத்துக் கொடுப்பது என்று கேட்பார், பாருங்கள்.

கு.வே.

பெரும்பான்மை பெரும்பான்மைதான், ஏற்கிறேன். ஆனால் நான் தொகுக்கும் சொற்பட்டியலில் 'துணையுள்ளிழுப்பி' என்றே போகும். செவிலியர் அம்மா சொன்ன 'இழுப்பு' பற்றி அடிக்குறிப்பு ஒன்று எழுதுகிறேன். இரைப்புக்கும் வலிப்புக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்பதைத் தனி இழையில் பேசலாம்.

பா.

அடுத்த வாரம் ஐயா. இப்போது எனக்குப் பணி நேரம்.