திருப்பூர் பனியன் கம்பெனி அனுபவம் உள்ளவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். சிறு பனியன் கம்பெனிகள் ஆட்களை எப்படித் தக்கவைக்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டனவே, அந்த மாதங்களைப் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டும். ஆர்டர் குறைந்தபோது யாரை நிறுத்திக்கொண்டீர்கள்? ஊருக்குப் போனவர்கள் திரும்பினார்களா? பீஸ் ரேட் டெய்லர்கள், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர்கள், என்ன செய்தார்கள்?

இன்னொன்று. தங்கள் ஆளை இழுக்கும் பக்கத்து கம்பெனிக்கே முதலாளிகள் அவசரத்துக்கு ஜாப் வொர்க்கும் (கூலிக்குச் செய்து தரும் வேலை) கொடுக்கிறார்கள். இந்த உறவு பாடப்புத்தகத்தில் பிடிபடவில்லை, அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலாளிகள், கட்டிங் மாஸ்டர்கள், செக்கிங்கில் இருந்த அக்காக்கள் யாராக இருந்தாலும் ஞாயிறு அரை மணி நேரம் பேசினால் போதும். நானே நேரில் வருகிறேன். பெயர், கம்பெனி எதுவும் வெளியே வராது. அக்காலச் சம்பள நோட்டு இருந்தால் காட்டுங்கள், பெரிய உதவி.