அமெரிக்க கஸ்டம்ஸ் ரீஃபண்ட்: செக்கும் வரவில்லை, அக்கவுண்டிலும் ஏறவில்லை

எடிசன்_கணக்கர் (கேள்வி):

நியூஜெர்சியில் எவர்சில்வர் பாத்திரம் இறக்குமதி செய்யும் கம்பெனி. வரியை மாதாந்திர ஸ்டேட்மென்ட் வழியாக ஏசிஎச் (அமெரிக்க வங்கிகளுக்கிடையிலான மின்னணுப் பரிமாற்றம்) டெபிட்டில் கட்டுகிறோம். பொருளின் வரி வகையைக் காட்டும் எச்டிஎஸ் எண்ணைத் தப்பாகப் போட்டதால் 11 என்ட்ரிகளில் (இறக்குமதிப் பதிவுகளில்) கூடுதல் வரி போய்விட்டது. கஸ்டம்ஸ் ப்ரோக்கர் கெடுவுக்குள் பிஎஸ்சி (என்ட்ரித் திருத்தம்) போட்டு, 11ம் லிக்விடேட் ஆகி (வரிக் கணக்கு இறுதியாகி) 30 நாள் தாண்டிவிட்டது. செக் இல்லை, டெபாசிட்டும் இல்லை.

"அவங்கதான் மாசாமாசம் நம்ம அக்கவுண்ட்ல இருந்து எடுக்கிறாங்களே, அதுலயே போட வேண்டியதுதானே" என்கிறார் முதலாளி. கஸ்டம்ஸின் ஏசிஇ போர்ட்டலில் நுழைந்தால் ரீஃபண்ட் சம்பந்தமான டேப் எதுவும் என் கண்ணில் படவில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

துறைமுகத்_தரகு:

முதலாளி சொல்வது நியாயம்தான், ஆனால் சிஸ்டம் அப்படிக் கட்டப்படவில்லை. வரி கட்டும் ஏசிஎச் வேறு பதிவு, ரீஃபண்ட் வாங்கும் ஏசிஎச் வேறு பதிவு. டெபிட்டுக்குக் கொடுத்த வங்கி விவரம் ரீஃபண்ட் பக்கம் தானாகப் போகாது. இந்த ஒரு குழப்பத்தில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்.

முன்பெல்லாம் ரீஃபண்ட் பதிவு இல்லாவிட்டால் செக் தபாலில் வந்துவிடும், யாரும் கவலைப்படவில்லை. 2025 மார்ச் 25 அன்று கையெழுத்தான 14247ஆம் நிர்வாக ஆணை அரசுச் செக்குகளை நிறுத்தச் சொன்னது. அதைப் பின்பற்றி 2026 ஜனவரி 2 அன்று சிபிபி (அமெரிக்க கஸ்டம்ஸ் துறை) இடைக்கால இறுதி விதி வெளியிட்டது. பிப்ரவரி 6 முதல் ரீஃபண்ட் எல்லாம் ஏசிஎச்தான். வங்கி விவரம் இல்லையென்றால் பணம் வெளியே வராது.

டேப் தெரியாததற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, நீங்கள் நிற்கும் இடம். அக்கவுண்ட்ஸில் இம்போர்ட்டர் சப்-அக்கவுண்டுக்குள் போய் உங்கள் இம்போர்ட்டர் எண்ணைத் திறந்தால்தான் 'ஏசிஎச் ரீஃபண்ட் ஆத்தரைசேஷன்' வரும். ப்ரோக்கர் தன் ஃபைலர் வியூவில் (என்ட்ரி தாக்கல் செய்பவருக்கான பக்கத்தில்) எவ்வளவு தேடினாலும் உங்கள் டேப் அவருக்குக் கிடைக்காது.

இரண்டாவது, உரிமை. ட்ரேட் அக்கவுண்ட் ஓனர் (கம்பெனியின் போர்ட்டல் கணக்குக்குப் பொறுப்பாளர்) அனுமதி தராத யூசருக்கு வங்கிப் பகுதி மறைந்தே இருக்கும். அந்த ஓனர் யார் என்று முதலில் பாருங்கள். பல கம்பெனிகளில் அது எப்போதோ வேலையை விட்டுப்போன ஆள். அப்படியானால் கம்பெனி லெட்டர்ஹெட்டில், பொறுப்பில் உள்ள அதிகாரி கையெழுத்திட்ட கடிதத்தோடு ஏசிஇ அக்கவுண்ட் சர்வீஸ் டெஸ்க்கிடம் ஓனரை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் புதிதாக இன்னொரு போர்ட்டல் அக்கவுண்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள். அதே இம்போர்ட்டர் எண் ஏற்கெனவே பழைய அக்கவுண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், சிக்கல் இரட்டிப்பாகும்.

மூன்றாவது, எண்ணின் வால். இம்போர்ட்டர் எண் என்பது 9 இலக்க ஈஐஎன்னோடு (கம்பெனியின் அமெரிக்க வரி எண்) 2 இலக்கப் பின்னொட்டும் சேர்ந்தது. ஒரு கோடவுனுக்கு 00, இன்னொன்றுக்கு 01 என்று யாராவது 5106 படிவம் (இம்போர்ட்டர் பதிவுக்கானது) கொடுத்து வைத்திருந்தால் அவை இரண்டு தனி எண்கள். 00க்கு வங்கி விவரம் ஏற்றிவிட்டு 01 என்ட்ரிக்குக் காத்திருந்தால் பலன் இல்லை. 11 என்ட்ரியின் 7501ஐயும் (என்ட்ரி சம்மரி படிவம்) எடுத்து எந்த எண் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள்.

வங்கிப்பக்கம்:

டேப் கிடைத்தபிறகு நடக்கும் தப்புகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

ரூட்டிங் நம்பரை (வங்கியின் 9 இலக்க அடையாள எண்) வயர் டிரான்ஸ்ஃபர் அனுப்பும் தாளிலிருந்து காப்பி செய்யாதீர்கள். சில வங்கிகளில் வயருக்கு ஒரு எண், ஏசிஎச்சுக்கு வேறு எண். செக் புத்தகத்தின் அடியில் உள்ளதைப் பார்த்தாலும் வங்கியிடம் "ஏசிஎச் கிரெடிட்டுக்கு இதுதானா" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தட்டச்சுப் பிழையைப் பிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. 9 இலக்கத்தில் 1, 4, 7ஆம் இலக்கங்களைக் கூட்டி 3ஆல் பெருக்குங்கள். 2, 5, 8ஐக் கூட்டி 7ஆல் பெருக்குங்கள். 3, 6, 9ஐ அப்படியே கூட்டுங்கள். மொத்தம் 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 021000021ஐப் போட்டுப் பார்த்தால் 0 + 28 + 2 = 30, சரி. வகுபடவில்லையென்றால் எண் நிச்சயம் தப்பு. வகுபட்டால் எண்ணின் வடிவம் சரி என்று மட்டும் அர்த்தம், அது உங்கள் வங்கியின் எண்தானா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

பணம் போய்த் திரும்பினால் வங்கி ஒரு ரிட்டர்ன் கோடு போடும். ஆர்02 என்றால் மூடிய கணக்கு. ஆர்03 என்றால் அப்படிக் கணக்கைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆர்04 என்றால் கணக்கு எண்ணின் அமைப்பே தவறு. ஆர்23 வந்தால் உங்கள் பக்கமே வேண்டாம் என்று தள்ளியிருக்கிறது. மோசடிக்குப் பயந்து கம்பெனிக் கணக்குக்கு ஏசிஎச் பிளாக் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது டெபிட்டை மட்டும் தடுக்கும், சில வங்கிகளில் கிரெடிட்டையும் சேர்த்துத் தடுக்கும். கம்பெனியில் பணத்தை நிர்வகிக்கும் ட்ரெஷரி ஆளிடம் கேட்டுச் சரிசெய்த பிறகே விவரத்தை ஏற்றுங்கள்.

இன்னொன்று: வங்கி விவரம் கேட்டு மெயில் வந்தால், லோகோ எவ்வளவு அழகாக இருந்தாலும், பதில் போடாதீர்கள். போர்ட்டலில் நீங்களே ஏற்றுவதுதான் வழி.

நிட்வேர்_டிடிபி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும் சார். நாங்கள் திருப்பூர். அமெரிக்க வாடிக்கையாளருக்கு டிடிபியில் (இறக்குமதி வரியையும் விற்பவரே கட்டும் முறை) பனியன் அனுப்புகிறோம், இம்போர்ட்டர் ஆஃப் ரெக்கார்ட் (கஸ்டம்ஸ் பதிவில் இறக்குமதியாளர்) நாங்களே. அமெரிக்காவில் வங்கிக் கணக்கு கிடையாது. ஐஎஃப்எஸ்சி, ஸ்விஃப்ட் கோடு கொடுத்தால் ஏற்குமா?

துறைமுகத்_தரகு:

ஏற்காது. அந்தக் கட்டத்தில் அமெரிக்க வங்கியின் 9 இலக்க ரூட்டிங் நம்பர்தான் போகும். உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, கம்பெனி பெயரிலேயே அமெரிக்கக் கணக்கு. ஆன்லைனில் கிடைக்கும் வர்ச்சுவல் டாலர் கணக்கு என்றால், அரசுப் பணம் ஏசிஎச்சில் வந்தால் வாங்குவார்களா, கணக்கு யார் பெயரில் நிற்கிறது என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பயன்படுத்துங்கள்.

மற்றது 4811 படிவம். "என் ரீஃபண்டை இவருக்கு அனுப்பு" என்று அமெரிக்காவில் உள்ள ஒருவரைக் குறிப்பது. ஆனால் அவரும் தன் எண்ணில் ஏசிஎச் ரீஃபண்டுக்குப் பதிந்திருக்க வேண்டும். படிவம் கோப்பில் இருந்தால் மட்டும் போதாது, என்ட்ரி சம்மரியிலும் அவர் எண் ஏற வேண்டும். தாள் 7501இல் அது 24ஆம் கட்டம், 'ரெஃபரன்ஸ் நம்பர்'. பணம் முதலில் அவர் கைக்குத்தான் போகிறது என்பதால் எத்தனை நாளில் உங்களுக்குத் திருப்புவார், கமிஷன் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

எடிசன்காரரே, நீங்களும் அந்த 24ஆம் கட்டத்தைப் பாருங்கள்.

எடிசன்_கணக்கர்:

பார்த்தேன். ஓனர் எங்கள் பழைய மேனேஜர்தான், மாற்றக் கடிதம் அனுப்பியாயிற்று. 11இல் 7 என்ட்ரி 00, 2 என்ட்ரி 01. மீதி 2இல் 24ஆம் கட்டத்தில் ப்ரோக்கரின் எண்!

துறைமுகத்_தரகு:

அப்படியானால் அந்த 2 என்ட்ரிப் பணம் ப்ரோக்கர் கணக்கில் ஏறியிருக்கலாம். சண்டைக்குப் போகுமுன் என்ட்ரி எண்ணும் லிக்விடேஷன் தேதியும் கொடுத்து அவர்கள் கணக்குப் பிரிவில் கேளுங்கள். எப்போதோ கையெழுத்தான 4811 ஒன்று கோப்பில் கிடக்கும். அதை ரத்து செய்யாவிட்டால் அடுத்த ஷிப்மென்ட்டிலும் இதே கதைதான்.

மற்ற 9க்கு 00, 01 இரண்டிலும் விவரம் ஏற்றுங்கள். பிறகு ஏசிஇ ரிப்போர்ட்ஸில் ரெவ்-603 என்ற ரீஃபண்ட் ரிப்போர்ட்டை ஓட்டினால் எந்த என்ட்ரிக்கு எவ்வளவு என்று வரும். வங்கி ஸ்டேட்மென்ட்டில் பல என்ட்ரிக்கான தொகை ஒரே வரியில் நிற்கலாம், அதை வைத்து மட்டும் கணக்கை நேர் செய்ய முடியாது.

தொகை குறைந்தால் உடனே பதற வேண்டாம். சிபிபிக்கு நீங்கள் கட்டாத பழைய பில் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மீதியைப் போடுவார்கள். கூடியிருந்தால் அது வட்டி, தனி லெட்ஜரில் வருமானமாக எழுதுங்கள்.

எடிசன்_கணக்கர்:

முதலாளி அலமாரியில் பழைய ட்ரெஷரி செக் (அமெரிக்க அரசுச் செக்) ஒன்றும் கிடைத்தது, வங்கியில் போடவே இல்லை. தேதி 14 மாதம் முந்தியது.

வங்கிப்பக்கம்:

ட்ரெஷரி செக்குக்கு ஆயுள் ஒரு வருடம். அதை டெபாசிட் செய்து திரும்ப வாங்காதீர்கள். செக் எண், தொகை, என்ட்ரி எண்ணைக் குறித்து, முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்து, இண்டியானாபொலிஸில் உள்ள சிபிபி ரெவின்யூ டிவிஷனுக்கு மறுவழங்கல் கேட்டு எழுதுங்கள். அதற்குமுன் ரீஃபண்ட் பதிவு முடிந்திருக்கட்டும், புதிதாக வருவதும் ஏசிஎச்சில்தான் வரும்.