தோல் உறைக்கு வெந்நீரா? யாருவே சொன்னது!

கொக்கிரகுளத்தான்:
நேத்து ஒரு மகராசன் எழுதியிருக்காரு. கத்திக்கு உறை செய்ய தோலை கொதிக்கிற தண்ணில முக்கி எடுத்து அப்படியே கத்தி மேல அமுக்கணுமாம், பத்தே நிமிசத்துல உறை தயாராம். வாசிச்ச உடனே எனக்கு தலை கிறுகிறுத்துட்டு. கொதிக்கிற தண்ணில போட்டா தோலு அப்பளமா சுருண்டுரும்வே. பச்சத் தண்ணிதான். தோல்ல இருந்து குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் ஊறணும். எடுத்து ஈரம் ஆறப் போட்டு, மேல்பக்கம் பழைய நிறத்துக்குத் திரும்பும்போது அச்சுல வைக்கணும். இருபது வருசமா செய்யுதேன்.

அம்பை_தச்சன்:
அந்த மகராசன் நான்தான். என் பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாமே அண்ணாச்சி, எதுக்கு இந்த ஒளிவு மறைவு? என் உளி பன்னெண்டுக்கும் வெந்நீர்லதான் உறை போட்டிருக்கேன். கல்லு மாதிரி நிக்குது. அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் தோல் கவசத்தையே சூடு காட்டித்தான் இறுக்கினான்.

கொக்கிரகுளத்தான்:
கவசம் மாட்டிக்கிட்டு யார்கூட சண்டைக்குப் போறீரு? நாம பேசுறது உளிக்கும் கத்திக்கும். 70, 80 டிகிரியத் தாண்டினா மரப்பட்டை போட்டுப் பதப்படுத்தின தோல் சுருங்கிரும். ஒரு துண்ட வெட்டி, ஸ்கேல் வச்சு அளந்து, கொதிக்கிற தண்ணில போட்டுப் பாரும். சுருண்டு விறைச்சு, வளைச்சா மடக்குனு ஒடியும். உம்ம கல்லு அதுதான். பச்சத் தண்ணி!

பேட்டைப்பொடியன்:
அண்ணாச்சி, ஒரு சந்தேகம். எந்தத் தோல்னு யாருமே சொல்லலியே? நான் வாங்கின துண்டுல வெட்டின ஓரம் நீலமா தெரியுது. ரெண்டு மணி நேரம் ஊறவச்சு கத்தி மேல அமுக்கினேன். காஞ்சதும் பழையபடி விரிஞ்சிட்டு.

அம்பை_தச்சன்:
நான் கொதிக்க விடச் சொல்லல. கொதிச்ச தண்ணில முக்கச் சொன்னேன். வித்தியாசம் இருக்கு.

கொக்கிரகுளத்தான்:
என்னய்யா வித்தியாசம்? இட்லிய வேகவைக்கிறதுக்கும் ஆவி காட்டுறதுக்கும் உள்ள வித்தியாசமா? நீரு எழுதினத அப்படியே எடுத்துப் போடட்டா? "கொதிக்கிற தண்ணி"ன்னுதான் இருக்கு.

தேரிக்காட்டான்:
ரெண்டு பேரும் தண்ணியவே பிடிச்சுத் தொங்குதீங்க. எங்க பக்கம் பனையேறி இடுப்புல அருவாப்பெட்டி கட்டியிருப்பாரு. ஒத்தக் கையில மரத்தப் பிடிச்சுக்கிட்டு மறு கையால உருவணும், திருப்பிச் சொருகணும். உங்க இறுக்கமான உறையில அது நடக்குமா? அருவா வச்சிருக்க ஊருக்காரன்கிட்ட கேட்டுட்டுப் பேசுங்க.

தென்காசிச்சாரல்:
ஆரம்பிச்சாச்சா, திருநெல்வேலின்னாலே அருவா! திருப்பாச்சி அருவாளையும் நம்ம பக்கத்துக் கணக்குலதான் எழுதுறாங்க, அது சிவகங்கைப் பக்கம். எங்க வீட்டுல இருக்கிறது தேங்கா உரிக்கிற பாரையும் அருவாமனையும் மட்டும்தான்.

தேரிக்காட்டான்:
தென்காசி 2019லயே தனி மாவட்டமாப் போயாச்சு. உங்களுக்கு என்னக்கா திருநெல்வேலிக் கவலை?

தென்காசிச்சாரல்:
உங்க தேரிக்காடு 1986லயே தூத்துக்குடி பக்கம் போயிட்டு தம்பி. நீங்க எனக்கு மூத்தவரு.

கொக்கிரகுளத்தான்:
மாவட்டத்தப் பெறவு பிரிச்சுக்கிடுங்க. தண்ணி விசயத்துக்கு வாங்க. கத்தியப் பால் கவர்ல சுத்தாம ஈரத் தோல்ல வச்சா என்ன ஆகும்னு தச்சரு எழுதவே இல்ல. இரும்பும் தோல்ல உள்ள துவர்ப்பும் சேர்ந்து கருப்பாப் பிடிச்சுக்கிடும், கடுக்காய்த் தண்ணில ஆணி கிடந்தா கருக்குமே அதே மாதிரி. சுத்தி வச்சு, கரண்டிக் காம்பால ஓரத்த அழுத்தி, நிழல்ல ஒரு நாள் காயணும். வெயில்ல போட்டாலும் கெட்டுது, அடுப்புப் பக்கம் வச்சாலும் கெட்டுது. இதுல வெந்நீராம்!

அம்பை_தச்சன்:
பால் கவர் எனக்கும் தெரியும். போன வருசம் நீரு எனக்குத் தச்சுத் தந்த உறையில நடுப்பட்டை வச்சீரா? ரெண்டு தோலுக்கும் இடையில ஒரு பட்டை குடுத்துத் தைக்கணும்னு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். மூணாவது மாசம் உளி நூலை அறுத்துக்கிட்டு வெளிய வந்துட்டு. என் தொடைதான் தப்பிச்சது.

கொக்கிரகுளத்தான்:
அதுக்கு நீரு காசு குடுத்தீரா? ஓசில தச்சுக் குடுத்ததுக்கு நடுப்பட்டை வேற. ரெண்டு ஊசி போட்டு மெழுகு நூல்ல எதிரெதிராத் தச்சது, அறுந்தாலும் ஒரு தையல்தான் போயிருக்கும். நீரு அந்த உறைய வெந்நீர்ல முக்கினீரான்னு மொதல்ல சொல்லும்.

அம்பை_தச்சன்:
…கொஞ்சம் லூசா இருந்துச்சு. அதான்.

கொக்கிரகுளத்தான்:
கேட்டுக்கிடுங்க எல்லாரும்!

அம்பை_தச்சன்:
லூசா தச்சது யாரு?

பேட்டைப்பொடியன்:
அண்ணாச்சி, நீல ஓரம்னா குரோம் உப்புல பதப்படுத்தின தோலுங்காங்க. ஆம்பூர்ப் பக்கம் செருப்புக்குப் பண்றது. அது எந்தத் தண்ணிலயும் அச்சுல நிக்காதாமே? ஆவாரம்பட்டைல பதப்படுத்தினதுதான் நிக்குமாம். அப்ப நீங்க ரெண்டு பேரும் வேற வேற தோலப் பத்திப் பேசுதீங்களோ?

கொக்கிரகுளத்தான்:
தம்பி, பெரியவங்க பேசுறப்ப குறுக்க வராத. தோல் எதுவா இருந்தாலும் கொதிதண்ணி தப்பு.

தேரிக்காட்டான்:
அருவாப்பெட்டிக்கு ஒருத்தனும் பதில் சொல்லல.

தென்காசிச்சாரல்:
உறையிலயே கத்திய வருசக்கணக்கா வச்சா துருப் பிடிக்கும்னு எங்க மாமா சொல்வாரு. வெந்நீரு பச்சத்தண்ணி எல்லாம் அதுக்கு அப்புறம்.

அம்பை_தச்சன்:
நாளைக்கு வெந்நீர்ல ஒண்ணு செஞ்சு படம் போடுதேன். 3 மில்லிமீட்டர் கனமுள்ள தோல். பாத்துட்டு வாயத் திறங்க.

கொக்கிரகுளத்தான்:
நாளைக்கு எதுக்கு? நான் இப்பவே போட்டாச்சு. ராத்திரி மணி 11. சட்டில தோல் கிடக்கு, குமிழி வந்துக்கிட்டு இருக்கு.

அம்பை_தச்சன்:
அடுப்ப அணைச்சீரா?

கொக்கிரகுளத்தான்:
பச்சத் தண்ணிவே!