ஒரே சரக்கு, வேறு வேறு பீப்பாய்: உங்கள் அனுபவம்?

தூவானம்:
நானே தொடங்குகிறேன். ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடில் ஒரு விஸ்கி வடிசாலைக்குப் போயிருந்தபோது, பீப்பாயே பார்க்காத சரக்கைத்தான் முதலில் கையில் கொடுத்தார்கள். தண்ணீர் மாதிரி நிறமே இல்லை. மூக்கை எரிக்கும் காட்டம், அடியில் லேசாகப் பேரிக்காய் வாசம். அப்புறம் கிடங்கு. மண் தரை, ஈரச் சுவர், நுழைந்ததுமே மணம் ஆளைத் தூக்கியது. ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிவிடுமாம். 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். அந்தப் பங்கைக் காசு கொடுக்காமல் மூச்சில் இழுத்துக்கொண்டு நின்றோம்.

கிடங்குக்காரர் இரண்டு பீப்பாய்களிலிருந்து நீண்ட குழாயால் உறிஞ்சி ஊற்றினார். இரண்டும் ஒரே ஆண்டு வடித்தவை, வயது 12. ஒன்று போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி இருந்த 200 லிட்டர் பீப்பாய்: வைக்கோல் நிறம், வெனிலா, துருவிய தேங்காய். மற்றது ஒலொரோசோ ஷெர்ரி என்னும் ஸ்பெயின் ஒயின் இருந்த 500 லிட்டர் பீப்பாய்: கருப்பட்டிக் காப்பி நிறம், உலர்திராட்சை, பேரீச்சை, கடைசியில் கிராம்பு. அண்ணன் தம்பி என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். போர்பனை உள்ளே கரித்த புது ஓக் பீப்பாயில்தான் ஊற்ற வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் அவர்கள் கழித்துவிடும் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறிவிடுகின்றன.

மூங்கில்கூடை:
நிறத்தைப் பார்த்து ஏமாந்தவன் நான். கறுப்பாக இருந்தால் ஷெர்ரி என்று நினைத்து ஒரு விமான நிலையக் கடையில் வாங்கினேன். வீட்டில் திறந்தால் வெறும் வெனிலா! நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க ஸ்காட்ச் விதிகளில் அனுமதி உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது லேபிளில் 'இயற்கை நிறம்' என்று இருக்கிறதா என்றே முதலில் தேடுகிறேன்.

கடற்காக்கை:
எனக்கு ஸ்காட்லாந்தின் ஐலா தீவு. போர்ட் எல்லன் ஊரிலிருந்து கிழக்கே நடந்தால் லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் என மூன்று வடிசாலைகளும் வரிசையாக வரும். மொத்தம் ஐந்து கிலோமீட்டர்தான். மழையில் தொப்பலாக நனைந்து பத்து வயது லஃப்ராய்க் 10-ஐ வாங்கிக் குடித்தேன். சின்ன வயதில் முழங்காலில் தடவிய டிங்க்சர் அயோடின் நேராகத் தொண்டைக்குள் இறங்கியது! பார்லியை பீட் என்னும் சதுப்பு நிலக் கரிமண்ணின் புகையில் உலர்த்துவதால் வரும் மணம் அது. பீப்பாயின் இனிப்பு தெரியவே மூன்றாவது மடக்கு ஆனது, அதுவும் நாலு சொட்டுத் தண்ணீர் விட்ட பிறகு. லாகவூலின் 16-இல் புகை கொஞ்சம் சாந்தம். எனக்குப் பிடித்தது என்னவோ அந்த முரடன்தான்.

தூவானம்:
சரி, ஊருக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்தீர்களா?

கடற்காக்கை:
வந்தேனே. மனைவி மோந்து பார்த்துவிட்டு முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.